மேடையை விட்டு இறங்காத எம்.எல்.ஏ.

மஞ்சள் நீராட்டு விழா மேடையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வழக்கத்தில் இருக்கிறது. ஏற வேண்டும். பெண்ணின் தலையில் அட்சதை போட வேண்டும். பரிசைக் கொடுத்துவிட்டு, போட்டோகிராபர் "இங்க பாருங்க மேடம்" என்றதும் பார்க்க வேண்டும். உடனே இறங்கிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். இன்னொரு விசேஷம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சரண்யா ஏறினார். அட்சதை போட்டார். பரிசைக் கொடுத்தார். போட்டோகிராபரைப் பார்த்தார். பிறகு இறங்காமல், பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அது தாய்மாமனுக்காகப் போட்ட நாற்காலி.

இடம், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். நான் முதல் வரிசையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். எம்.எல்.ஏ.வுக்கு உரை எழுதிக் கொடுப்பவன் என்பது என் பதவி. அந்தப் பதவியில் எனக்கிருந்த நிரந்தரமான வேலை, அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பது.

மேடைக்குக் கீழே தாய்மாமன் முருகேசன், பட்டுப்புடவையும் மாலையும் வைத்த தட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு அவருடைய ஊரே நின்றது. வரிசையின் வால் மண்டபத்துக்கு வெளியே, வாழை மரம் கட்டிய வளைவையும் தாண்டிப் போயிருந்தது. எம்.எல்.ஏ. மேடையில் இருக்கும்போது மற்றவர் ஏறுவது மரியாதை இல்லை. எனவே யாரும் ஏறவில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டை இரண்டாம் முறை வாசித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

"சார்," என்று போட்டோகிராபர் என் காதருகே குனிந்தார். "மேடம கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க. மாமா வெய்ட் பண்றாரு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"எனக்கு இன்னும் ரெண்டு ஊர்ல ஆர்டர் இருக்கு சார். கட்சிக்காரங்கள பகைச்சிக்க முடியாது."

எனக்கு வேறு ஆர்டர் ஏதும் இல்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை. அவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதில் நான் ஒருவன்.

எனக்கு வேலை கிடைத்தது

சரண்யா அப்போது முப்பது வயதை எட்டாதவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மணிலா என்கிற வேர்க்கடலை பயிர் வைத்த குடும்பம். திருவண்ணாமலை கோர்ட்டில் வக்கீல். தொகுதிக்கு சீட் கேட்ட பெரிய தலைகள் இரண்டும் ஒன்றையொன்று கவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தபோது, யாருக்கும் எதிரியாக இருக்கும் அளவுக்கு இன்னும் வளராத ஒரே ஆள் என்ற தகுதியில் சீட் அவருக்கு விழுந்தது. அந்த வருடம் காற்றும் கட்சிப் பக்கம் வீசியது. ஜெயித்துவிட்டார்.

நான் அதற்கு முன்பு, சட்டமன்றத்தில் எப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்று கேலி செய்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஒரு காலையில் போன் வந்தது.

"சார், நான் சரண்யா, எம்.எல்.ஏ. உங்க கட்டுரைய படிச்சேன். எல்லாரும் தப்பாப் பேசறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்ப சரியாப் பேசறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும்னு தான அர்த்தம்?"

"அப்படி அர்த்தம் இல்லம்மா."

"நாளைக்குக் காலைல வேங்கிக்கால் ஆபீசுக்கு வாங்க சார்."

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: "உங்கள வேலைக்குக் கூப்பிட்டாங்களா? நம்பர சரியாப் பாத்துப் போட்டாங்களா?"

ஐம்பதை நெருங்கிய ஆளுக்கு, அதுவும் புத்தகம் படிப்பதைத் தவிர வேறு எந்த உடற்பயிற்சியும் இல்லாத ஆளுக்கு, இந்தச் சந்தேகம் நியாயமானது. போனேன்.

முதல் உரையை ராப்பகலாக உட்கார்ந்து எழுதினேன். தொடக்கத்தில் தலைவருக்கு எதுகை மோனையோடு ஒரு வாழ்த்து. பழைய இலக்கியத்தின் வாசனை அங்கங்கே அடிக்கும். எழுதி முடித்தபோது எனக்கே தலைவர் மேல் மரியாதை வந்துவிட்டது. சரண்யா அதை வாங்கிப் பார்த்தார். முதல் இரண்டு பக்கத்தையும் மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இது நல்லாருக்கு சார். நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் குடுக்கறது கொஞ்சம் நிமிஷம். அதுல முக்கால்வாசி இதுலயே போயிட்டா, ஆஸ்பத்திரிய எப்ப கேக்கறது?"

பேரவையில் எழுந்து, ஒரே ஒரு வரியில் வணக்கம் சொல்லிவிட்டு, நேராக எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வார்டுக்குக் கதவு இல்லாததைப் பற்றிப் பேசினார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் மேஜையைத் தட்டத் தயாராகக் கையை உயர்த்தி வைத்திருந்தார்கள். தட்டுவதற்கான இடம் வராமலே உரை முடிந்துவிட்டது. உயர்த்திய கையால் சிலர் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

கதவு வந்தது. தொகுதியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "தலைவரப் பத்தி ரெண்டு வார்த்த நல்லதா சொல்லக் கூடாதா, அந்தப் பொண்ணு?" என்றுதான் டீக்கடையில் கேட்டார்கள்.

சால்வையும் சர்க்கரை நோயும்

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பதவியேற்றதுமே சரண்யா, எனக்குச் சால்வை போடாதீர்கள், புத்தகம் கொடுங்கள் என்று அறிவித்தார். நல்ல எண்ணம். எங்கள் ஊர்க் கடைகளில் சால்வை போலப் புத்தகமும் மொத்தமாகக் கிடைக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், 'சர்க்கரை நோயை வெல்வது எப்படி' என்ற ரகத்தில் ஒரு புத்தகம் கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடந்திருக்கிறது. தொகுதி மொத்தமும் அதையே வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தது.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஆறு மாதம் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் சர்க்கரை எனக்கு. ஒரு பிரதியை நான் எடுத்துக்கொண்டேன். படித்தேன். வெல்லவில்லை.

சபையில் சொன்ன ஒரு வாக்கியம்

இரண்டாவது வருடம், சமூக நலத்துறை மானியக் கோரிக்கையின்போது, சரண்யா மஞ்சள் நீராட்டு விழாவைப் பற்றிப் பேசினார். ஊரெல்லாம் பேனர் வைத்து, எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பெண்ணை மேடையில் உட்கார வைத்து, மாமன் வீட்டுக்கு அவள்தான் மருமகள் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணின் படிப்பு யாருக்கும் முக்கியமில்லாமல் போய்விடுகிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த மேடைகளில் நான் ஏறமாட்டேன். என் படத்தையும் பேனரில் போட வேண்டாம்" என்றும் சொன்னார்.

இந்த வாக்கியத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் வாக்கியங்கள் இவ்வளவு சின்னதாக இருக்காது.

அன்று சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் தொகுதி முழுக்கப் போய்விட்டது. நகரத்துப் பெண்கள் அமைப்புகள் பாராட்டின. தொகுதிக்குள் நிலைமை வேறு. காதுகுத்துக்கு வருகிறவர், கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர், இதற்கு மட்டும் வரமாட்டாராமா? எங்கள் தெருவில் தயிர் கொண்டுவரும் அம்மாள் என்னை நிறுத்தியே கேட்டார்: "ஏன் சாரு, காது மட்டும் கட்சிக் காதா? எங்க ஊட்டுப் பொண்ணு இன்னா பாவம் பண்ணா?"

நான் பெண் விடுதலை பற்றி ஒரு நாலைந்து வாக்கியம் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒற மோர் ஜாஸ்தியா ஊத்தினு இருக்கீங்க போல, பேச்சு புளிக்குது" என்றார்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்சியின் ஒன்றியச் செயலாளர். சரண்யாவின் அப்பாவுக்குப் பழக்கம். அதனால் வெளியில் "மாண்புமிகு" என்றும் உள்ளே "பாப்பா" என்றும் கூப்பிடுவார். எந்த ஊரில் எந்த வீட்டுக்கு யார் மேல் கோபம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கை அசையாமல் எங்கள் தொகுதியில் ஒரு கொடிக்கம்பம்கூட நேராக நிற்காது.

ஒரு நாள் காலை அவர் வேங்கிக்கால் ஆபீசுக்குத் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பழம், நடுவில் பத்திரிகை. பின்னால் அவருடைய மகள் ஹரிணி, ஒன்பதாவது படிக்கிறவள், போனைப் பார்த்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்திரிகையை சரண்யா பிரித்தார். பூப்புனித நீராட்டு விழா. தலைமை என்ற இடத்தில் அவருடைய பெயர், பெண்ணின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

"நான் வரமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணா?"

"தெரியும் பாப்பா. அதனாலதான் அச்சடிச்சிட்டு எடுத்தாந்தேன்."

"சபையிலேயே சொல்லியிருக்கேன்."

"அது மெட்ராஸ். இது நம்ம ஊடு." ஏழுமலை தாம்பாளத்தை மேஜையில் வைத்தார். "எல்லா கிளைச் செயலாளருக்கும் குடுத்தாச்சு. நீ வரலன்னு வை, நாளைக்கு ஒருத்தன் என்னை மதிக்க மாட்டான். ஒன்றியம் ஊட்டுக்கே எம்.எல்.ஏ. வரலடான்னு சிரிப்பான். நான் ஒண்ணும் உனக்கு எதிரா வேல செய்யமாட்டேன், பயப்படாத. அடுத்த தேர்தலுக்கு என் வாய் உனக்கு எதிராவும் தொறக்காது, உனக்காகவும் தொறக்காது. மூடினு இருக்கும்."

திறந்த வாயைவிட மூடின ஏழுமலை வாய் எவ்வளவு ஆபத்து என்பது எனக்கே தெரியும். சரண்யாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த சீட்டும் அடுத்த வெற்றியும் அந்த வாய்க்குள் இருந்தன.

சரண்யா பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஹரிணி, உனக்கு இந்த விழா வேணுமா? உண்மையச் சொல்லு."

"வேணும்க்கா."

"அப்பா சொல்றதாலயா?"

"இல்லக்கா. லெகங்கா தைக்கக் குடுத்தாச்சு. ட்ரோன் வருது."

"ஊரெல்லாம் பேனர் வைப்பாங்களே, கூச்சமா இருக்காதா?"

"போட்டோ நல்லாருந்தா என்னக்கா கூச்சம்?"

சபையில் தட்டாத மேஜையை நான் இங்கே தட்டலாமா என்று யோசித்தேன். சரண்யாவின் முகத்தைப் பார்த்துக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் யாருக்காகப் பேசினாரோ, அந்தப் பெண் ட்ரோனுக்காகக் காத்திருந்தாள்.

"சரி, பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்கப் போற?"

ஹரிணி அப்பாவைப் பார்த்தாள். ஏழுமலை முந்திக்கொண்டார். "பத்தோட போதும் பாப்பா. எம் மச்சான் முருகேசன் ஊட்டுக்குத்தான போகப் போறா. பையன் ஓசூர்ல வேலைல இருக்கான். கல்யாணம் பதினெட்டு முடிஞ்சிதான், சட்டம் எனக்கும் தெரியும். அதுவரைக்கும் மாமன் ஊட்ல இருந்து தையல் கத்துக்கட்டும். விழாவுல அவரு சீர் வச்சி, மாலை போட்டு, பேச்ச முடிச்சிக்கறாரு."

வக்கீலான சரண்யாவுக்கு இதில் நுழைய ஒரு சந்துகூட இல்லை. பதினெட்டு முடிந்து கல்யாணம். பத்தாவதோடு நிறுத்தினால் எந்த போலீசும் வராது.

"படிப்ப நிறுத்தறது உனக்குச் சம்மதமா?" என்று ஹரிணியைக் கேட்டார்.

"அத யாரும் என்னைக் கேக்கலக்கா."

"நான் கேக்கறேன்."

"வேணாம்."

"இன்னா வேணாம்?" என்றார் ஏழுமலை.

"நிறுத்த வேணாம்," என்றாள் ஹரிணி, மறுபடியும் போனைப் பார்த்துக்கொண்டே.

சரண்யா பத்திரிகையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார். ஆனால் தாம்பாளத்தைத் திருப்பித் தள்ளவில்லை.

"அண்ணா, நான் வரேன்."

ஏழுமலைக்கு முகம் மலர்ந்தது.

"ஆனா நீங்க மைக்குல ஒண்ணு சொல்லணும். எம் பொண்ணு காலேஜ் முடிக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டேன்னு. முருகேசன் அண்ணன் மாலை போடறதுக்கு முன்னாடி."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "ஊட்ல சொல்லிக்கறேனே பாப்பா. மைக்கு எதுக்கு?"

"ஊட்ல சொன்னா நீங்க மாத்திக்குவீங்க."

ஏழுமலை நாற்பது வருடமாக மைக்கில் பேசுகிறவர். மேம்பாலம், சர்க்கரை ஆலை, கல்லூரி என்று அவர் மைக்கில் கொடுத்த வாக்குகளை அடுக்கினால் எங்கள் மாவட்டம் ஒரு மாநிலமாகிவிடும். எதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால், சீர்த் தட்டுகளின் முன்னால் சொல்வது வேறு. அதற்குச் சாவு வீடு வரை ஞாபகம் உண்டு. இது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஏழுமலை தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, மறுபடியும் அதிலேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாரு, ஒரு நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நாலு வரி இல்லை, ஒரே வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்ன உரை.

அவர்கள் போனதும், "நீங்க போனா உங்களப் பாராட்டினவங்களே கிழிச்சிடுவாங்கம்மா" என்று சரண்யாவிடம் சொன்னேன்.

"தெரியும் சார். நான் விழாவ எதுத்துக்கினு இருந்தேன். விழா அந்தப் பொண்ண ஒண்ணும் பண்ணல."

மறுபடியும் மண்டபம்

ஏழுமலை மைக்கைப் பிடித்தபோது சரண்யா மேடையில் நின்றுகொண்டுதான் இருந்தார். ஏழுமலை வணக்கம் சொன்னார். தலைவரை வாழ்த்தினார். மாவட்டத்தை வாழ்த்தினார். மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர், ஏழைகளின் விளக்கு, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நான் முதல் உரைக்கு எழுதித் திருப்பி வாங்கிய வாழ்த்தைவிட நீளமாக வாழ்த்தினார். சமையல்காரரை வாழ்த்தினார். சட்டைப் பையில் என் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. கை அந்தப் பக்கமே போகவில்லை. "அனைவரும் இருந்து விருந்துண்டு செல்லுமாறு" என்று முடித்து மைக்கை வைத்துவிட்டார்.

அப்போதுதான் சரண்யா உட்கார்ந்தார்.

மண்டபத்துக்குள் ட்ரோன் ஒன்று வண்டு போலச் சுற்றி, ஜோடித்து வைத்திருந்த ரோஜா இதழ்களை எல்லாம் மேடையிலிருந்து கீழே ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. முருகேசனின் கையில் தட்டு லேசாக ஆடத் தொடங்கியது. ஏழுமலையின் மனைவி மேடை ஓரத்துக்கு வந்து, கணவரின் கையைக் கிள்ளி, "ராகு காலம் வருது" என்றார். எங்கள் கட்சிக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஏழுமலைக்குக் கொஞ்சம் உண்டு. அவர் மனைவிக்கு ஜாஸ்தி.

ஏழுமலை குனிந்தார். நான் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன்.

"பாப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் அண்ணா. நீங்க சொன்னதும் நான் எறங்கிடறேன்."

"அப்பறமா சொல்றேன். மாலை போட்டுடட்டும்."

"மாலை போட்டப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"எம் பொண்டாட்டி என்ன ஊட்ல சேக்கமாட்டா."

"ஆபீஸ்ல ரூம் இருக்கு. வந்து படுத்துக்கங்க."

கீழேயிருந்து முருகேசன் குரல் கொடுத்தார். "இன்னா மச்சான், அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா? தண்ணி குடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டிலோடு எழுந்தேன். சரண்யா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடியும் உட்கார்ந்து, தண்ணீரை நானே குடித்தேன்.

ஏழுமலை மகளைப் பார்த்தார். ஹரிணி லெகங்காவில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் தடவையாகக் கையில் போன் இல்லாமல், அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஆபீசில் போனைப் பார்த்துக்கொண்டே அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழுமலை மைக்கை எடுத்தார். காகிதத்தை எடுக்கவில்லை.

"ஒரு விஷயம். எம் பொண்ணு காலேஜ் முடிக்கற வரைக்கும் அவ கல்யாணப் பேச்ச நான் எடுக்கறதா இல்ல. யாரு வந்து கேட்டாலும்." நிறுத்தினார். "எம் மச்சான் கேட்டாலும்."

கடைசி வாக்கியம் நான் எழுதியதில் இல்லை.

பந்தியில் சாம்பார் வாளி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முருகேசன் தட்டை முதல் வரிசையில், எனக்குப் பக்கத்தில் காலியாயிருந்த நாற்காலியில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"சாப்பாடு உங்க ஆளுங்களுக்கே சரியா இருக்கும் மச்சான்," என்றார். "நாங்க வரோம்."

சீர் வரிசை, வந்த வழியே வாலை முன்னால் வைத்துத் திரும்பிப் போனது. ஏழுமலையின் மனைவி அண்ணன் பின்னாலேயே வாசல் வரை ஓடினார். முருகேசன் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சரண்யா எழுந்து மேடையை விட்டு இறங்கினார். நேராகப் பந்திக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று இன்னொரு விசேஷம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. யாராவது சாப்பிட வேண்டியிருந்தது. சாதம் மிஞ்சிக் கிடந்தது.

அதற்குப் பிறகு

ட்ரோன் எடுத்த படம் ஊர் சுற்றியது. சொன்ன சொல்லை மீறி மேடை ஏறிய எம்.எல்.ஏ. என்று, முன்பு பாராட்டினவர்கள் திட்டினார்கள். விளக்கம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். விளக்கம் எழுதினால் ஹரிணியின் பெயரை எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கதவுக்கு அடுத்து, மாலை வகுப்பு முடிந்து பெண்கள் ஊர் திரும்ப பஸ் வேண்டும் என்று சபையில் கேட்டுக்கொண்டே இருந்தார். பல தடவை கேட்டு, ஒரு வழியாக வந்தது. அது முருகேசன் ஊர் வழியாகத்தான் போகும். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அதில்தான் ஏறினார்கள். ஆனால் சரண்யாவின் கார் போனால் அந்த ஊரில் பெரியவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

தேர்தல் வந்தது. சென்னையில் கட்சி நடத்திய வேட்பாளர் நேர்காணலில் ஏழுமலையிடம் கருத்துக் கேட்டார்கள். மூடியிருக்கும் என்றிருந்த வாய் திறந்தது. "இந்தப் பொண்ணுக்கே குடுங்க. இல்லன்னா எம் மச்சான் போனது வீணாப் பூடும்" என்றாராம். மேலே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. புரியாததால் பெரிய விஷயம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வாக்கு எண்ணும் அன்று, மதியம் வரை சரண்யாதான் முன்னால். பிறகு முருகேசன் ஊரும் அவருடைய சொந்தபந்தங்களின் ஊர்களும் வரும் சுற்று வந்தது.

"எம் மச்சான் ஊரு," என்றார் ஏழுமலை, போனில் வந்ததைப் பார்த்து.

"தெரியுது அண்ணா."

தோற்றார். வித்தியாசம், ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரக்கூடிய கூட்டம்தான்.

ஜாங்கிரி

தோற்ற எம்.எல்.ஏ. ஆபீஸ் போல அமைதியான நூலகம் கிடையாது. வாடகை நாற்காலிகளை மறுநாளே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். நானும் சரண்யாவும் மிச்சமிருந்த இரண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். ஒரு தடவை மட்டும் கேட்டார்: "அன்னைக்கு எறங்கியிருக்கலாம்னு நெனைக்கறீங்களா சார்?"

"நானா இருந்தா ஏறியே இருக்கமாட்டேன்மா."

"அது தெரியும். உங்களக் கேட்டது என் தப்பு."

அந்த வாரக் கடைசியில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. சாயங்காலம் ஏழுமலை ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஆபீசுக்கு அந்த வாரம் வந்த ஒரே ஸ்வீட் பாக்ஸ். பின்னால் ஹரிணி, அப்பாவைவிட உயரமாகிவிட்டிருந்தாள்.

"பாஸ் பாப்பா. நல்ல மார்க்கு. காலேஜ்ல அப்ளை பண்ணியாச்சு." ஏழுமலை இரண்டு கையாலும் பாக்ஸை நீட்டினார். "அவங்கம்மா மட்டும் இன்னும் என்கூட நேராப் பேசறதில்ல. செவுத்தப் பாத்து, 'மார்க்கு வந்துதாமா'ன்னு கேட்டா. செவுத்துக்கே சொன்னேன்."

சரண்யா எழுந்து ஹரிணியின் தோளைப் பிடித்தார். "லா படிக்கறியா?"

"ஐயோ, வேணாங்க்கா. உங்களப் பாத்தும் யாராவது லா படிப்பாங்களா? பாட்டனி."

"பாட்டனியா?"

"ஏன், பாட்டனிக்கு இன்னா?"

ஒரு சீட்டைக் கொடுத்து ஒரு பாட்டனி மாணவியை வாங்கியிருக்கிறோம் என்பதை சரண்யா விழுங்குவது எனக்குத் தெரிந்தது. நன்றாகவே விழுங்கினார். ஜாங்கிரி உதவியது.

"கவலப்படாத பாப்பா," என்றார் ஏழுமலை. பழைய ஒன்றியச் செயலாளர் குரல் திரும்பியிருந்தது. "அடுத்த தேர்தல்ல இவளுக்கும் ஓட்டு வந்துடும். நம்ம ஊட்ல ஒரு ஓட்டு ஜாஸ்தி."

ஹரிணி ஜாங்கிரியைக் கடித்தாள். "யாருக்குப் போடுவேன்னு நான் சொல்லவே இல்லயே."

ஏழுமலை கடிக்கப் போன ஜாங்கிரியை மறுபடியும் பாக்ஸிலேயே வைத்தார். நாற்பது வருட அரசியலில் அவர் கணக்கு சொந்த வீட்டிலேயே தவறியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரண்யா சிரித்தார். தேர்தல் ரிசல்ட் வந்த பிறகு நான் அவர் சிரித்துப் பார்க்கவில்லை. "அப்ப உன்கிட்டயும் வந்து ஓட்டுக் கேக்கணுமா?"

"பின்ன?"

"இப்பவே கேக்கட்டா?"

"கேளுங்க." ஹரிணி நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல இன்னா செய்வீங்கன்னு சொல்லுங்க. அப்பறம் யோசிக்கறேன்."